அட்டை எங்கே?

"குருவே, ஏழுல எதை எடுக்கட்டும்? இப்பவே சொல்லிடுங்க!"

ஆவுடையப்பன் ஓட்டமும் நடையுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தார். கக்கத்தில் லேப்டாப்.

செண்பகவல்லி மடியில் பிள்ளையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் டேட்டாபேஸ் என்றால் ஆபீசுக்கே அவள்தான் குரு.

"என்னண்ணே, ஊசி போடவா வந்தீங்க?"

"விளையாடாதீங்க. டேட்டாபேஸ்ல செய்யுற மாற்றத்தையெல்லாம் ஒழுங்கா பாத்துக்கிற டூல் ஏழு இருக்கு. ஏழையும் அலசிட்டேன். ஒண்ணுல கலர் கலரா படம் வருது!"

"அப்படி என்ன அவசரம்?"

"போன மாசம் பஸ் டிக்கெட் டேட்டாபேஸ்ல சீட்டு சேர்க்கிற கட்டளை ஸ்கிரிப்டை ஒரு ஊர்ல ரெண்டு தடவை ஓட்டிட்டோமே! ஒவ்வொரு சீட்டுக்கும் ரெண்டு பேர் டிக்கெட்டோட வந்து நின்னாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்னுட்டார் பஸ் முதலாளி. திங்கக்கிழமைக்குள்ள ஒன்பது ஊர் சர்வர்லயும் அதே ஸ்கிரிப்டைப் போட்டு முடிக்கணும்."

"எந்தெந்த ஊர்ல போட்டாச்சு?"

"சிலதுல போட்டாச்சு. தேனியில... போட்ட மாதிரிதான் ஞாபகம்."

குரு பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"உள்ள போய் ஊசி போட்டுட்டு வாங்க."

போனார்.

நர்சம்மா ஊசியைத் தொடவே இல்லை.

"அட்டை எங்க?"

"அட்டையா?"

"போன தடவை என்ன போட்டாங்க?"

"ஏதோ போட்ட மாதிரி..."

"போட்ட மாதிரியா? போட்டதையே திரும்பப் போடச் சொல்றீங்களா? பிள்ளை நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

ஆவுடையப்பன் சட்டைப் பையைத் தடவினார். பிள்ளை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது.

பிள்ளையோடு திரும்பி ஓடி வந்தார்.

குரு பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். என்ன ஊசி, எந்தத் தேதி, யார் கையெழுத்து. வரிசையாக. அடுத்த கட்டம் காலி.

கண்ணாடி இல்லாத கண்ணை இடுக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"குருவே! தேனிக்கு அட்டை இல்லை! ஒன்பது ஊருக்கும் இல்லை!"

"கலர் படம் வருமே, அந்த டூலு?"

"படம் கிடக்குது! என்ன போட்டோம்னு சர்வருக்குள்ளயே அட்டை எழுதுறது ஏழுல எதுன்னு பாக்கணும். முதல்ல தேனி சர்வருக்குள்ள போய் என்ன போட்டிருக்குன்னு பாத்து எழுதுறேன்!"

சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டார்.

"எழுதுங்கண்ணே! என் பிள்ளையைக் குடுத்துட்டுப் போய் எழுதுங்க!"