வஸ்தாது எடுத்த தொடை அளவு

மூங்கில் காட்டில் தீக்கொண்டையன் என்றொரு காட்டுச்சேவல் இருந்தான். அவன் கொண்டை பெரிது. கூவல் அதனினும் பெரிது. தொடைகள் மட்டும் சற்றே மெலிந்தவை.

கோடை வந்தது. காட்டில் ஒரே ஒரு பாறைச்சுனைதான் வற்றாமல் நின்றது. அதைக் கூர்நகன் என்ற வேறொரு சேவல் வளைத்துக்கொண்டான். தீக்கொண்டையன் மார்பை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்குப் போனான். ஒரே உதையில் உருண்டு திரும்பினான்.

“தொடையா அது? நாணல் தட்டை! தேறிய பிறகு வா, தம்பி!” என்று கூர்நகன் கொக்கரித்தான்.

அன்றுமுதல் தீக்கொண்டையனும் அவன் மனைவி மிளகியும் இலைநுனிப் பனியைக் கொத்தித் தாகம் தீர்க்க வேண்டியதாயிற்று. வெயில் ஏற ஏறப் பனியும் குறைந்தது. சுனையை மீட்டே ஆக வேண்டும். அதற்குத் தொடை பருத்தே ஆக வேண்டும்!

சுனைக்குப் போகும் வழியில், ஒரு புதரடியில், நெடுமேனியார் என்ற மலைப்பாம்பு படுத்திருந்தார். அவர் அப்போதுதான் ஒரு சருகுமானை விழுங்கியிருந்தார். நடு உடம்பு பானைபோல் உப்பியிருந்தது. அசைய முடியவில்லை, பேச மட்டும் முடிந்தது.

“அஞ்சாதே, பிள்ளாய்! ஓர் ஈசலை விழுங்கக்கூட எனக்கு இப்போது இடமில்லை. உன் தோல்வியைக் கேள்விப்பட்டேன். சதை வளர வேண்டுமானால் உண்ண வேண்டும், ஓய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அளக்க வேண்டும். அளந்து பாராதவனுக்கு வளர்ந்தது எப்படித் தெரியும்?”

“எதைக்கொண்டு அளப்பது, ஐயா?”

“கொடியால் அளந்தால் பிசகும்; நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். என் வாலைப் பார்! வரிசை பிசகாத திட்டுகள்! இதைவிட நேர்த்தியான அளவுநாடா இந்தக் காட்டில் ஏது?”

அவர் வாலைத் தீக்கொண்டையனின் தொடையில் மெல்லச் சுற்றினார். குளுகுளுவென்று இருந்தது.

“இரண்டு திட்டு! பாவம், பாவம்! ஆனால் எலும்பு நல்ல சாதி எலும்பு. என்னிடம் விட்டுவிடு!”

தீக்கொண்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. “என் சண்டைப் பயிற்சிக்கு இனி நீங்களே வஸ்தாது!” என்று கூவினான்.

வஸ்தாதின் பயிற்சி மிக இனிய பயிற்சி. கறையான் புற்றைக் கிளறித் தின்ன வேண்டும். மூங்கிலரிசியைப் பொறுக்கித் தின்ன வேண்டும். பிறகு நிழலில் படுத்துவிட வேண்டும். “ஓடாதே, பறக்காதே! சேர்த்த சதை கரைந்துபோகும்!” என்றார் வஸ்தாது.

அவ்வப்போது அளவெடுப்பு நடக்கும். வால் நெருங்கும்போதே தீக்கொண்டையன் மூச்சை இழுத்துப் பிடித்து, இறகுகள் அனைத்தையும் சிலிர்த்துக்கொண்டு நிற்பான்.

“அடடா! இரண்டரைத் திட்டு!”

“அப்படியா, வஸ்தாதே! மார்பையும் ஒருமுறை பாருங்களேன்!”

“மார்பா இது? மலை!”

அவன் துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடுவான். ஓடக்கூடாதென்பது பாதி வழியில் நினைவுக்கு வந்து நடப்பான்.

மிளகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “இறகை உப்பிக்கொண்டு நின்றால் நானும் மயில்தான்! அது சதையா, காற்றா?”

“உனக்கு என்ன தெரியும்? வஸ்தாதே சொன்னார்!”

“சரி, நாவல்மரக் கிளைக்கு ஏறுங்கள், பார்ப்போம். முன்பெல்லாம் ஒரே தாவலில் ஏறுவீர்களே!”

அவன் தாவினான். கிளை எட்டவில்லை. மறுபடி தாவினான். தொப்பென்று சருகில் விழுந்தான்.

“சதையின் கனம்!” என்றான் பெருமையோடு.

“கனம்தான்,” என்றாள் மிளகி. “உங்கள் சுற்றளவை அவர் ஓயாமல் அளக்கிறார். அவர் வயிற்றின் சுற்றளவை நீங்கள் ஒருமுறையாவது பார்த்தீர்களா?”

“பொறாமை!” என்று சொல்லிவிட்டுத் தீக்கொண்டையன் உறங்கப் போனான்.

கூர்நகனுக்குச் சொல்லியனுப்பி மறுசண்டைக்குக் குறித்த நாள் வந்தது. கடைசி அளவு எடுத்துக்கொண்டு சுனைக்குப் போகலாம் என்று அவன் புதரடிக்கு வந்தான். வழக்கம்போல் மூச்சைப் பிடித்து, இறகைச் சிலிர்த்து நின்றான்.

“இன்று தொடை வேண்டாம். முழு உடம்புக்கும் அளவு!” என்றார் வஸ்தாது. ஒரு சுற்று விழுந்தது. இரண்டாம் சுற்று விழுந்தது.

அப்போதுதான் மிளகியின் சொல் அவன் காதில் ஒலித்தது. அவன் கீழே பார்த்தான். பானை எங்கே? வஸ்தாதின் வயிறு உலர்ந்த கொடிபோல் ஒட்டிக் கிடந்தது!

“வஸ்தாதே, நீங்கள் மிகவும் மெலிந்துவிட்டீர்களே?”

“நான் மெலிந்தேன், நீ தேறினாய். கணக்கு நேராகத்தானே வருகிறது, பிள்ளாய்!” நெடுமேனியாரின் வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது.

தீக்கொண்டையன் பிடித்த மூச்சை ஒரே மூச்சாக விட்டான். சிலிர்த்த இறகுகளை உடம்போடு ஒட்ட அழுத்தினான். மலை என்று புகழப்பட்ட மார்பு அந்தக் கணமே மேடானது, மேடு குச்சியானது. சுற்றுக்கும் உடம்புக்கும் இடையில் இடம் விழுந்தது. வழுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தான்! பாம்பின் வாயில் வாலிறகு மட்டும் தங்கியது. இந்தக் கதையைச் சொல்வோரில் சிலர் மூன்று இறகு போயிற்று என்பர். சிலர் வால் முழுதும் போயிற்று என்பர். திரும்பி எண்ணிப்பார்க்க அவன் நிற்கவில்லை என்பதில் மட்டும் எல்லோரும் உடன்படுகின்றனர்.

சுனைக்கரையில் கூர்நகன் காலை உதறிக்கொண்டு காத்திருந்தான். “வா, தம்பி! தேறிவிட்டாயா?” என்றவன், பின்னால் புழுதி கிளப்பி வருவது யாரென்று பார்த்தான். அடுத்த கணம் அவன் சுனையோரத்து நாவல்மரக் கிளையில் இருந்தான்.

தீக்கொண்டையன் தாவினான், விழுந்தான். மீண்டும் தாவினான், நகம் கிளையை உரசியது, விழுந்தான். நெடுமேனியார் நெருங்கிவிட்டார்.

“வஸ்தாது சொன்னதை மறந்துவிட்டுப் பறந்து வாருங்கள்!” என்று, சண்டை பார்க்க வந்து அதே கிளையில் அமர்ந்திருந்த மிளகி கத்தினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு சிறகடித்தான். மூங்கிலரிசி, கறையான் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு உடம்பு மேலே எழுந்தது. கிளை ஆடியது. மூவரும் சேர்ந்து ஆடினார்கள். அந்தக் கிளை தன் கனத்தைத் தாங்காதென்று கண்டு, கீழே வெகுநேரம் சீறிவிட்டு நெடுமேனியார் வேறு காடு பார்த்துப் போனார்.

“உன்னைத் துரத்தியது யார், தம்பி?” என்று கூர்நகன் கிளையை இறுகப் பற்றியபடி கேட்டான்.

“என் வஸ்தாது.”

கூர்நகன் தன் தொடையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். “எனக்கு இது போதும், அப்பா! இனி நாணல் தட்டை என்று யாரையும் சொல்லமாட்டேன்!”

அன்று மாலையே மூவரும் ஒரே சுனையில் தண்ணீர் குடித்தார்கள். ஒருவர் குடிக்க, இருவர் புதரைப் பார்த்தார்கள். தன் வளர்ச்சியை அறிய விரும்பித் தீக்கொண்டையன் நாள்தோறும் நாவல்மரக் கிளைக்குத் தாவிப் பார்த்தான். மரத்துக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை.

நம் வளர்ச்சியை அளந்து புகழ்பவர் எவராயினும், அவருடைய பசியை நாம் முதலில் அளந்துகொள்ள வேண்டும்.