மோர் கொடுத்துக் கேட்ட மந்திரி

முன்னொரு காலத்தில் மருதங்காட்டைக் குமாரபூபதி என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான், பொறுமை மட்டும் கொஞ்சம் மட்டு. வெள்ளைக்காரர் கடிதங்களை அவருக்குப் படித்துச் சொல்பவர் மந்திரி ஆவுடையப்பர். கடிதம் கொண்டுவந்த ஆளுக்கு முதலில் மோர் கொடுத்து, எழுதியவர் யார், என்ன முகத்தோடு எழுதினார் என்று விசாரித்துவிட்டுத்தான் அதைப் பிரிப்பார்.

சபையிலிருந்த வெங்கடரத்தினத்துக்கு இவர்மேல் வயிற்றெரிச்சல். இங்கிலீஷ் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள் எழுதிய ஏட்டோடு வந்து நின்றார்.

"ஆவுடையப்பரே, 'மேக் அப்' என்றால் என்ன?" என்றார் ராஜா, அந்த ஏட்டில் ஒரு சொல்லைப் பார்த்து.

"யார் யாரிடம் சொன்னது, மகாராஜா? முகத்துக்குப் பூசுவதும் அதுதான், இல்லாத கதை கட்டுவதும் அதுதான், சண்டைக்குப் பிறகு ராசியாவதும் அதுதான்."

"ஒன்று கேட்டால் மூன்று சொல்கிறீர்."

"தாங்கள் 'பார்த்துக்கொள்கிறேன்' என்றால் ஏழை மகிழ்கிறான், திருடன் நடுங்குகிறானே."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "அப்படியானால் நீர் போய்ப் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும்" என்று மந்திரி மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

ராஜாவுக்கு ஓர் அண்ணன் உண்டு; முன்பே அவரோடு கோபித்துக்கொண்டு போய்த் துறைமுகப் பட்டினத்தில் இருந்தார். மறுமாதம் அங்கிருந்து வெள்ளைக்காரப் பாதிரியார் கடிதம் வந்தது: அண்ணன் 'மேக் அப்' செய்ய விரும்புகிறாராம். வெங்கடரத்தினம் ஏட்டைப் புரட்டி, "உங்களைப் பற்றிக் கதை கட்டப் போகிறாராம்" என்றார். ராஜா கடிதத்தைக் கிழித்தெறிந்தார்.

அதைக் கொண்டுவந்த சூசை, பதிலுக்காக மூன்று நாள் வாசலில் நின்றான். பூக்கூடையோடு வந்த ஆவுடையப்பர் அவனுக்கு மோர் கொடுத்து விசாரித்தார்.

"பெரியவரு படுத்த படுக்கைங்க. தம்பியோட ராசியாகணும்னு எழுதச் சொன்னாரு. நோவை மட்டும் எழுதாதீங்க, பரிதாபப்பட்டு வரவேண்டாம்னுட்டாரு."

ஆவுடையப்பர் கூடையைப் போட்டுவிட்டுச் சபைக்கு ஓடினார். ராஜா அப்போதே குதிரையேறினார். போய்ச் சேர்ந்தபோது சிதை அணைந்து ஒருநாள் ஆகியிருந்தது.

திரும்பி வந்த ராஜா ஆவுடையப்பரிடம் மந்திரி மோதிரத்தை நீட்டினார். "அன்றைக்குச் சண்டை போட்டாவது நான் இங்கேயே இருந்திருக்க வேண்டும்" என்று அழுதார் ஆவுடையப்பர். ராஜாவே மோதிரத்தை அவர் விரலில் போட்டுவிட்டார். வெங்கடரத்தினத்தின் தலைப்பாகை இறங்கியது, கையில் மோர்ப்பானை ஏறியது. வாசலுக்கு வரும் தூதர்களுக்கெல்லாம் இனி அவர்தான் மோர் ஊற்றவேண்டும்.

முதல் குவளையை மட்டும் ராஜா தாமே ஊற்றி, தம்மோடு போய்த் திரும்பிய சூசையிடம் கொடுத்தார். "அண்ணன் என்ன முகத்தோடு எழுதச் சொன்னார்?"

"வாசலையே பாத்துக்கிட்டுச் சொன்னாருங்க, மகாராசா. இதைச் சொல்லணும்னுதான் வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே வந்தேன். அன்னிக்குச் சபையில யாரும் கேக்கலீங்க."