மந்தி பிழிந்த நெல்லிக்காய்

ஒரு காட்டில், தேனடைகள் தொங்கும் செங்குத்துப் பாறையின் அடியில், ஒரு மந்தி வாழ்ந்து வந்தது. எதைத் தின்றாலும் அது முகத்தைக் கோணும்; எதைக் கேட்டாலும் புருவத்தை நெரிக்கும். அதனால் நரி அதற்குக் ‘கோணவாய் அம்மணி’ என்று பெயர் சூட்டியிருந்தது.

ஒருநாள் பிற்பகலில், தேனெடுக்க வந்த சடையன் என்பவன், பிடித்திருந்த கொடி அறுந்து பாறையிலிருந்து விழுந்தான். கைகால்கள் முறிந்தன, நினைவும் தப்பியது. முன்பொருமுறை கண்ணியில் சிக்கித் தவித்த அந்த மந்தியை விடுவித்தவன் அவன். மந்தி ஓடிவந்து அவனருகில் அமர்ந்தது.

மோப்பம் பிடித்து நரியும் வந்தது. விழுந்து கிடப்பது உயிரோடிருந்தால் எவரும் இரையாக்கக்கூடாது, செத்திருந்தால் நரிக்குச் சொந்தம் என்பது அக்காட்டுச் சட்டம். தீர்ப்புச் சொல்பவர் கரடியார். நரி அழைக்க, அவரும் வந்து சேர்ந்தார். கண்ணால் கண்டதை மட்டுமே அவர் ஒப்புக்கொள்வார்.

மந்தி ஓர் இலையைச் சடையனின் மூக்கருகே பிடித்தது. இலை அசைந்தது. அது காற்றின் வேலை என்றது நரி. மந்தி அவன் கையைத் தூக்கிவிட்டது. கை பொத்தென்று விழுந்தது.

“கரடியாரே, தசை என்பது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் கயிறு. கயிறெல்லாம் தளர்ந்துவிட்டது. இன்னும் என்ன சோதனை?” என்றது நரி.

பாறையின் நிழல் சடையனின் தலையைத் தொடும்வரை கரடியார் தவணை தந்தார்.

மந்தி அசரவில்லை. அருகிலிருந்த மரத்தில் எஞ்சியிருந்த நான்கு நெல்லிக்காய்களையும் பறித்து வந்தது. ஒன்றைக் கடித்தபடி, கன்னத்தில் கைவைத்து யோசித்தது. புளிப்பில் அதன் முகம் சுருங்கியது. அப்போது கைக்கு ஒன்று தட்டுப்பட்டது: தாடையெலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது; தோல்தான் நகர்ந்தது.

உடனே இரண்டாவது காயைக் கசக்கிச் சடையனின் உதட்டில் பிழிந்தது. அசைவில்லை. மூன்றாவதைப் பிழிந்தது. சாறு மோவாயில் வழிந்து மண்ணில் விழுந்தது.

“பிணத்துக்கு விருந்தா, அம்மணி?” என்று நரி கேட்டது. பாறையின் நிழல் சடையனின் தோளைத் தொட்டுவிட்டது.

மந்தி அவனுடைய கீழுதட்டை மெல்ல விலக்கி, கடைசிக் காயின் சாற்றை உட்புறத்தில் விரலால் தடவியது. தடவிக்கொண்டே இருந்தது.

சடையனின் உதடு குவிந்தது. புருவம் நெரிந்தது. முகம் முழுவதும் கோணியது.

கரடியார் குனிந்து உற்றுப் பார்த்தார். கைகால்கள் கிடந்தபடியே கிடக்க, இது மட்டும் எப்படி அசைந்தது என்று வினவினார்.

“எல்லாத் தசையும் எலும்போடு எலும்பைக் கட்டுவதில்லை, ஐயா. முகத்துத் தசைகளின் ஒரு முனை தோலில் பதிந்திருக்கிறது. உதட்டைச் சுற்றிய தசையோ வெளியே தோலையும் உள்ளே ஈரமான சளிச்சவ்வையும் பற்றி நிற்கிறது. கைகால் எலும்பு முறிந்தால் அதற்கென்ன?” என்றது மந்தி.

சடையன் உயிரோடிருக்கிறான் என்று கரடியார் தீர்ப்பளித்தார். மந்தி மரத்துச்சியில் ஏறி, ஊரார் கட்டிலோடு வந்து சேரும்வரை கத்தியது.

நரி திரும்பி நடந்தது. அதன் முகமும் கோணிப் போயிருந்தது. அதற்கு நெல்லிச்சாறு தேவைப்படவில்லை.

நீதி: பெரியவை ஓய்ந்தன என்று கைவிடாதே, சிறியதையும் இறுதிவரை சோதித்துப் பார்.