இஞ்ஞாசியம்மாளின் கிட்டார் காணிக்கை

சிப்பித்துறை என்னும் கடற்கரையூரில், மாதாவின் குகைக்கோயிலான கெபிக்கு எதிரே ஓலைப்பந்தலில் அமர்ந்து கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துப் பிழைத்தவர் இஞ்ஞாசியம்மாள். கணவரைக் கடல் கொண்டது, பிள்ளை இல்லை. பொழுது சாய்ந்ததும் கைகால் கழுவிக்கொண்டு கெபிக்குப் போவார். மாதாவின் சொரூபத்தின் முன் நின்று ஒரே ஒரு பாட்டுப் பாடுவார். அதுவே அவருக்குச் செபம். வள்ளம் இழுப்பவர்கள்கூட அது முடியும்வரை சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

அந்தக் குரலை நோய் கொண்டுபோயிற்று. தொண்டையில் கட்டி வந்து, அறுத்தெடுத்து, உயிர் பிழைத்து ஊர் திரும்பியவர் நேரே கெபிக்குப் போய் வாயைத் திறந்தார். வெறும் மூச்சுதான் வந்தது. உடன் வந்தவர்கள் அழுதார்கள். அம்மையார் அழவில்லை. 'தாயே, இதை எடுத்துக்கொண்டீர். வேறு வழி காட்டும்' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, மறுநாள் வலைக்குத் திரும்பினார்.

ஒருநாள் கன்னியர் மடத்துக்கு மீன் கொடுக்கப் போனபோது, சிஸ்டர் றெஜினா கிட்டார் மீட்டிக்கொண்டிருந்தார். சிறு தகட்டால் உரசாமல், விரல்களாலேயே ஒவ்வொரு தந்தியாய்ப் பேசவைக்கும் வாசிப்பு அது. அம்மையார் மீன்கூடையைக் கீழே வைத்தார். கிட்டாரைக் காட்டினார், தம் தொண்டையைத் தொட்டார், பிறகு கெபியின் பக்கம் கைநீட்டினார்.

சிஸ்டருக்கு விளங்கிவிட்டது. "கத்துக்கிறீங்களாம்மா? உட்காருங்க."

அம்மையார் மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு, கவிழ்த்த கூடைமேல் இடது பாதத்தை வைத்து, மடியில் கிட்டாரைச் சாய்த்துக்கொண்டார். வலை பொத்துகிறவர்கள் ஒவ்வொரு முடிச்சையும் வெடுக்கென்று இழுத்து இறுக்குவார்கள். இல்லாவிட்டால் கண்ணி நழுவும். ஆயுள் முழுதும் பழகிய கை கிட்டார்த் தந்தியையும் அப்படியே இழுத்தது. மெல்லிய தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது.

"ஐயோ, இறுக்காதீங்கம்மா! இது முடிச்சு இல்ல. தொட்டுட்டு விட்டுடுங்க, அது தானா பாடும்."

வேறு தந்தி வாங்க நகரத்துக்குத்தான் போகவேண்டும். அம்மையார் இடுப்பிலிருந்து வலை கட்டும் தங்கூசி என்னும் நைலான் நரம்பை உருவி நீட்டினார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே கட்டிப் பார்த்தார். சுருதி சேர்ந்தது. இருவரும் சிறுபிள்ளைகளைப்போல் மகிழ்ந்தார்கள்.

திருவிழாவன்று சப்பரம் கெபிமுன் நிற்கும்போது அந்தப் பழைய பாட்டை மீட்டுவதாக அம்மையார் நேர்ந்துகொண்டார். பங்குச் சாமியாரும் சரி என்றார். அன்றுமுதல் தினமும் மாலையில், சிஸ்டர் இரவல் கொடுத்த கிட்டாரோடு, மாதாவின் முன்னேதான் பழக்கம். விரல்நுனி கொப்புளித்தது. ஒரு சுரம் வந்தால் அடுத்தது ஓடிவிடும்.

பந்தலில் பக்கத்தில் இருந்து வலை பொத்தும் மரசலினுக்கு வாய் சும்மா இராது. "மைனி, மாதாவுக்குக் கொசுவத்தி கொளுத்தி வைங்க. கெபிப் பக்கம் ஒரே ரீங்காரமால்லா இருக்கு!"

பந்தலே சிரித்தது. அம்மையாரும் சத்தமில்லாமல் சிரித்துவிட்டு, சாயங்காலம் மறுபடி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்.

திருவிழா வந்தது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றும் வந்தது. மணலை வாரி முகத்தில் இறைத்தது. சப்பரம் கெபிமுன் நின்றதும் அம்மையார் அமர்ந்தார். மைக்கை அருகே வைத்தார்கள். அதில் காற்றின் உறுமல்தான் கேட்டது. அணைத்துவிட்டார்கள்.

"பாவம், யாருக்குக் கேக்கப்போவுது?" என்றார் ஒருவர்.

அம்மையார் மாதாவை நிமிர்ந்து பார்த்தார். 'உமக்குக் கேட்டால் போதும்' என்று எண்ணியபடி விரலைத் தந்தியில் வைத்தார். முதல் அடியைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. அவர் நிறுத்தவில்லை. இரண்டாம் அடி தொடங்கியபோது, படபடத்துக்கொண்டிருந்த தோரணங்கள் தொங்கி நின்றன. சப்பரத்து மெழுகுவத்திகள் நிமிர்ந்து எரிந்தன. கச்சான் அடங்கிவிட்டது. மணலில் கடைசியாய் நின்றவர்வரை ஒவ்வொரு சுரமும் போய்ச் சேர்ந்தது. நடுவில் ஒரு விரல் தடுக்கிற்று. அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

அது எந்தப் பாட்டு என்று ஊருக்குத் தெரியும். முதலில் வாய் திறந்தவர் மரசலின்தான். அழுகையோடு பாடினார். பிறகு ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாட, குரலில்லாத அம்மையாரின் பாட்டு கரை முழுதும் எழுந்தது.

கடைசிச் சுரம் ஓய்ந்தபின்தான் காற்று மெல்லத் திரும்பியது.

"மைனி," என்று அவர் காலடியில் உட்கார்ந்தார் மரசலின், "அவ கேட்டுட்டாளே!"

இஞ்ஞாசியம்மாள் தலையசைத்தார். ஒரு தாய் கேட்பதற்காகக் காற்றையே காத்திருக்க வைத்த அந்த எளிய விரல்கள் வாழ்க.