மஞ்சள் விழுந்த பாத்தி

“என் விதையை அழிச்சிட்டீங்க, டீச்சரம்மா.”

போஜன் நிமிரவில்லை. மஞ்சள் விழுந்த கோதுமைச் செடிகளைப் பிடுங்கிப் பிடுங்கித் தீயில் போட்டுக்கொண்டிருந்தார்.

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்று. ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கும் பூரணிதான் அவருக்கு மகரந்தம் சேர்க்கக் கற்றுத் தந்தாள்.

கோத்தகிரிச் சரிவில் மூன்று வருடமாக வைரஸ் நோய் போஜனின் கோதுமையைத் தின்றது. மிஞ்சியது ஒரு பிடி விதை. அவளை நம்பி அதையும் விதைத்தார். நோயே அண்டாத ஒரு முரட்டுக் கோதுமையின் மகரந்தத்தைத் தூவி, கதிருக்குக் கதிர் காகித உறை மாட்டினார்.

அதில் கிடைத்த விதையிலிருந்து முளைத்த இருபது செடிக்கும் நோய்.

“நீங்க பார்த்த மாப்பிள்ளை சரியில்ல.”

“மாப்பிள்ளை நல்லவன்தான் அண்ணா.”

“அப்ப பிள்ளைங்க ஏன் இப்படி?”

பூரணி தீக்கும் செடிகளுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். பதினொன்று எரிந்திருந்தது. ஒன்பது மிச்சம்.

“எந்திரிம்மா. துப்பட்டா பத்திக்கும்.”

“நீங்க நிறுத்துங்க, எந்திரிக்கிறேன்.”

நிறுத்தினார்.

ஒன்பது செடியும் சூம்பிய மணிகளைத் தந்தன.

“இதைக் கோழிகூடக் கொத்தாது.”

“கோழிக்கு வேண்டாம். விதைங்க.”

மறு பருவம். அதே பாத்தி, அதே நோய். மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.

பிறகு ஒரு பச்சை.

போஜன் மண்டியிட்டு அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரிசை முழுக்க எண்ணினார். ஏறக்குறைய நாலுக்கு ஒன்று பச்சை.

“எங்கிருந்தும்மா வந்துச்சு இது?”

“நோயைத் தாங்குற குணம் தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் வந்தாத்தான் வெளிய தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தா உள்ளயே இருக்கும்.”

“போன வருசம் அந்த இருபதுல?”

“எல்லாத்துலயும் இருந்துச்சு.”

வரப்போரம் கரி படிந்த இடம் இன்னும் கறுப்பாகவே கிடந்தது. போஜன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் எரிச்சதுலயுமா?”

பூரணி ஆமென்று தலையசைத்தாள். பிறகு சிவப்பு நூற்கண்டை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“விதைக்கு வைக்கிற செடியில கட்டுங்கண்ணா.”

போஜன் குனிந்தார். “இதுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கலாம்ல” என்று முதல் முடிச்சை ஒரு மஞ்சள் செடியில் போட்டார்.