ஆட்காட்டியை மயக்கிய கீரி

வற்றத் தொடங்கிய ஓர் ஏரியின் கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. அதன் பெயர் செம்மூக்கி. பக்கத்தில் நின்று பார்த்தாலும் எது கல், எது முட்டை என்று தெரியாது.

செம்மூக்கிக்கு ஒரே ஒரு குறை. நிழல் அசைந்தாலும் அலறுகிற குருவி என்று பெயர் எடுத்துவிட்டதால், அது வாயைத் திறந்தாலே கொக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "ஆரம்பித்துவிட்டாள்!" என்று நாரை எழுந்து பறந்துவிடும்.

ஒரு நாள் ஆண் குருவி இரை தேடப் போயிருந்தது. அப்போது இனியன் என்ற கீரி அந்தப் பக்கம் வந்தது. செம்மூக்கி முட்டைகளை விட்டு ஓசையில்லாமல் நழுவி, தள்ளிப் போய் நின்று கூச்சலிட்டது.

"அடடா, என்ன விழிப்பு! என்ன விழிப்பு!" என்றது கீரி. "போன மழைக்கு வெள்ளம் வந்தபோது முதலில் குரல் கொடுத்தது நீங்கள்தானாமே அக்கா? அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்!"

இதுவரை யாரும் கேட்டதில்லை! செம்மூக்கிக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. வெள்ளத்தில் தொடங்கி, பருந்து, பாம்பு, பக்கத்து ஏரிச் சண்டை என்று சொல்லிக்கொண்டே போனது.

"அடேயப்பா! அப்புறம்?" என்றது கீரி.

அப்புறமும் இருந்தது, அதற்கு அப்புறமும் இருந்தது. பொழுது போனதே தெரியவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

"இந்தச் சூட்டில் முட்டைகள் வெந்துவிடாதா அக்கா?"

"வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து, அவற்றின் மேல் உட்காருவேன் தம்பி."

"அட, என்ன கெட்டிக்காரத்தனம்! எங்கே, ஒரு தடவை உட்கார்ந்து காட்டுங்களேன்!"

செம்மூக்கி பெருமையோடு முட்டைகளை நோக்கி இரண்டடி வைத்துவிட்டது. தம்பி ரசிக்கிறானா என்று திரும்பிப் பார்த்தது. தம்பியின் கண் அதன்மேல் இல்லை. தரையில் கல் கல்லாகத் தடவிக்கொண்டிருந்தது. முன்னங்கால் ஒவ்வொரு கல்லையும் மெல்லப் புரட்டிப் பார்த்தது.

செம்மூக்கிக்குப் புரிந்துவிட்டது. 'பாவி! இவ்வளவு நேரமும் இதற்குத்தானா?'

மறுகணம் அது வேறு திசையில் தடுமாறி விழுந்தது. "ஐயோ, என் சிறகு! சிறகு பிசகிவிட்டதே! தம்பி, என்னால் பறக்க முடியவில்லையே!"

கீரியின் நாக்கில் எச்சில் ஊறியது. 'முட்டை எங்கே போய்விடும்? முதலில் கறி!'

"பயப்படாதீர்கள் அக்கா, இதோ வந்துவிட்டேன்!" என்று பாய்ந்தது.

செம்மூக்கி ஒரு சிறகை இழுத்துக்கொண்டே தத்தியது. கீரி நெருங்கினால் ஒரு துள்ளல். நின்றால் ஒரு முனகல். இப்படியே ஏரிக்குள் நீர் வற்றிய பகுதிவரை கொண்டுபோனது. அங்கே சேறு மேலே காய்ந்து, கீழே கூழாக இருந்தது. கீரி தாவிய தாவலில் பொருக்கு உடைந்து, அது கழுத்துவரை உள்ளே போயிற்று!

செம்மூக்கி இரண்டு சிறகையும் விரித்து ஜம்மென்று எழும்பியது.

"மோசக்காரி! என்னை ஏய்த்துவிட்டாயே!" என்று கத்தியது கீரி.

"அப்புறம்?" என்றது செம்மூக்கி.

திரும்பி வந்த ஆண் குருவியிடம் அது எதையும் மறைக்கவில்லை. "மயங்கிவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது" என்று தலைகுனிந்தது.

"பாட்டும் மயக்கும், கள்ளும் மயக்கும், கள்ளனும் மயக்குவான். மூன்றுக்கும் நம்மிடம் இருப்பது 'மயக்கு' என்ற ஒரே சொல்தான். போகட்டும், நீயும் அவனை மயக்கிவிட்டாயே!" என்று சிரித்தது ஆண் குருவி.

இரண்டும் வயிற்றை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைத்தன. கீரி சேற்றிலிருந்து கரையேறவே மாலையாகிவிட்டது. வெட்கத்தில் அது அந்தக் கரைப் பக்கம் மறுபடி வரவில்லை. சில நாளில் நான்கு குஞ்சுகளும் ஓட்டை உடைத்துக்கொண்டு, நீரை நோக்கிக் குடுகுடுவென்று ஓடின.

இனிக்க இனிக்கப் பேசுகிறவனின் சொல்லைக் காது கேட்கட்டும். அவன் பார்வை எங்கே மேய்கிறது என்பதை நம் கண் கவனிக்கட்டும்.