செருப்புக்கு விழுந்த பச்சை

தணிகாசலம் இந்தக் கதையைப் பல வருஷமாக நம்பவில்லை. காரணம் அவருக்கே பிடிபடவில்லை. அதனால் வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்போது அவருடைய ஸ்கூட்டர் அந்த நாற்சந்தியில் தனியாக வந்து நிற்கும். சிவப்பு விளக்கு அசையாது. பின்னால் ஒரு கார் வந்து நின்றதும் பச்சை விழும். ‘அப்படியானால் நான் வந்து நின்றது எந்தக் கணக்கில் சேர்த்தி?’ என்று ஐம்பது தாண்டிய ஒரு மனிதர் சிக்னல் கம்பத்தைப் பார்த்து முணுமுணுப்பது அழகில்லைதான். ஆனால் முணுமுணுத்தார். அது காதில் விழுந்துதான், அங்கே வேப்பமரத்தடியில் இளநீர் விற்கும் அமலோற்பவம் அவருக்கு இந்தக் கதையைச் சொன்னாள். அவள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக அதே மரத்தடியில் இளநீர் வெட்டுகிறவர்கள்.

அந்தக் காலத்தில் வண்டிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. சிக்னல் கம்பத்துக்கும் இருந்தது. கம்பத்துக்கு மூன்று கண் என்று பேர்தானே தவிர, அவற்றால் எதையும் பார்க்க முடியாது. பிறர் பார்ப்பதற்காக வைத்த கண்கள் அவை. அதனால் கம்பம் தன் காதை ஒரு கம்பிச் சுருளாகச் சுருட்டி, வெள்ளைக் கோட்டுக்கு அருகே தாருக்கு அடியில் புதைத்து வைத்திருந்தது. யார் வந்தாலும் “யாரது?” என்று கேட்கும். கோட்டில் நின்று பதில் சொன்னவருக்குப் பச்சை காட்டும்.

லாரிகள் “ம்” என்று உறுமும். கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வேண்டாவெறுப்பாகப் பேர் சொல்லும். இரு சக்கர வண்டிக்காரர்கள்தான், “நான்தாண்ணே. சாப்டாச்சா?” என்பார்கள். நடுரோட்டில் ஒற்றைக்காலில் நிற்கிற கம்பத்தை அப்படி விசாரிக்க வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே அவர்கள் குரல் கேட்டால் கம்பம் கொஞ்சம் சீக்கிரமாகவே பச்சை காட்டிவிடும்.

மாசிலாமணி அப்படி விசாரிக்கிறவர்களில் ஒருவன். அவனிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. பக்கத்து ஊர்க் கோதண்டத்தின் மகள் செங்கமலத்தைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். செங்கமலத்துக்கும் இஷ்டம். கோதண்டத்துக்குத்தான் மொபெட்டைப் பிடிக்கவில்லை.

“இது பின்னால என் பொண்ணை உட்கார வெச்சு எங்கே கூட்டிட்டுப் போவே? தெருமுனை வரைக்குமா?” என்றார்.

மகள் விடவில்லை. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். “கத்திரி வெயில்ல, உச்சி மத்தியானத்துல, உங்க ஊர்லேர்ந்து ஒரு முழு ஐஸ் கட்டி கொண்டு வா. உருகாம வந்தா கல்யாணம். உருகிட்டா நீயும் உன் வண்டியும் இந்தப் பக்கம் தலையே காட்டக் கூடாது.”

மாசிலாமணி ஐஸ் கட்டியை மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து மொபெட்டின் பின்னால் கட்டினான்.

“தெருமுனைன்னு சொன்னாரே, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்” என்றது மொபெட்.

“மொதல்ல ஸ்டார்ட் ஆகு” என்றான் மாசிலாமணி.

நாற்சந்தியில் சிவப்பு.

“யாரது?”

“நான்தாண்ணே, மாசிலாமணி. சாப்டாச்சா?”

“நான் எங்கேப்பா சாப்பிடறது! உன் குரலே சரியில்லையே, என்ன விஷயம்?”

அவன் சொன்னான். கம்பத்துக்கு மனசு இளகிவிட்டது. “கல்யாணக் காரியமா! குறுக்கே வைக்கோல் வண்டிங்க வரிசையாப் போகுது. நடுவுல மறிச்சா மாடு மிரளும். கடைசி வண்டி தாண்டினதும் கூப்பிடறேன். நீ மட்டும் கோட்டை விட்டு நகராதே. உன்னை நம்பித்தான் மத்தவங்களை நிறுத்தப் போறேன்.”

“நகருவேனாண்ணே!”

வெயில் மண்டையைப் பிளந்தது. காலுக்குக் கீழே தார் அல்வா மாதிரி நெகிழ்ந்தது. வைக்கோல் வண்டிகள் முடிகிற வழியாக இல்லை. பெட்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

“முதலாளி, என் முதுகு நனையுது” என்றது மொபெட்.

அப்போது மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏம்பா, ஐஸை வெயில்ல நிறுத்தினா நிக்குமா? பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிறதில்லையா? கோட்டுல எதையாவது போட்டுட்டு நிழலுக்கு வா!”

அமலோற்பவம் இந்த இடத்தை மட்டும் எப்போதும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவாள்.

மாசிலாமணி தலையைத் தடவிப் பார்த்தான். துண்டு, ஐஸோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றினான். இரண்டையும் ஜோடியாக, முனை முன்னால் பார்க்கும்படி கோட்டின்மேல் வைத்தான்.

“முதலாளி, இது சரியா வருமா?”

“ரேஷன் கடை வரிசையில கல்லுக்கே இடம் தர்றாங்க. இது தோல் செருப்பு.”

மொபெட்டை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். நிழல் ஜில்லென்று இருந்தது. கையில் ஓர் இளநீர் வந்து சேர்ந்தது. அது முடிவதற்குள் இன்னொன்றும் வந்தது. மாசிலாமணி மரத்தில் சாய்ந்து, சும்மா கண்ணை மட்டும் மூடினான்.

கடைசி வைக்கோல் வண்டி தாண்டியது.

“மாசிலாமணி, இருக்கியா?” என்றது கம்பம்.

“இருக்கேண்ணே!” என்றான், கண்ணைத் திறக்காமலே.

கம்பம் குறுக்குச் சாலையைச் சட்டென்று நிறுத்தியது. தன் ஆயுளில் காட்டாத பளிச்சென்ற பச்சையைக் காட்டி, “நல்லபடியாப் போய்ட்டு வா! பத்திரிகை வைக்க மறந்துடாதே!” என்று ஊர் கேட்க வாழ்த்தியது.

குறுக்குச் சாலையில் முதலாவதாக நின்றது கோதண்டத்தின் கார். பையன் எந்த லட்சணத்தில் வருகிறான் என்று பார்க்கத்தான் அவர் கிளம்பி வந்திருந்தார்.

“யாருக்காகடா நிக்கிறோம்?” என்று காரைக் கேட்டார்.

கார் தயங்கித் தயங்கிச் சொன்னது. “அதோ... அந்தச் செருப்புக்காகங்க.”

பின்னால் நின்ற லாரி சிரித்த சிரிப்பில் அதன் தார்ப்பாய் அவிழ்ந்துவிட்டது. “என்ன, செருப்பு கிளம்பலையா? பெட்ரோல் இல்லையோ?” என்றது. பஸ், “வலது முன்னே போகட்டும், இடது பின்னாலயே வரட்டும்!” என்றது. சிக்னல் மேல் உட்கார்ந்திருந்த காக்கை மட்டும் குனிந்து பார்த்து, “ஒரு வார் அறுந்திருக்கு” என்று கம்பத்தின் காதுக்கு எட்டும்படி சொன்னது.

கம்பம் தாருக்கு அடியில் இருந்த காதை மேலே அழுத்திப் பார்த்தது. அங்கே பாரமே இல்லை.

அது கத்தவில்லை. கதையில் தணிகாசலத்தின் மனசில் தைத்த இடம் இதுதான். கத்தியிருந்தால் அவர் மறந்திருப்பார்.

“மாசிலாமணி, நீ எங்கேப்பா இருக்கே?” என்று மெல்லக் கேட்டது.

அவன் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தான். வெறுங்காலோடு, சுடுதாரில் துள்ளித் துள்ளி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். “இதோ, இங்கேதாண்ணே இருக்கேன்!”

பச்சை அணைந்து சிவப்பு விழுந்தது.

“முன்னேயும் இதே குரல்தான் கேட்டுச்சு. இனிமே உங்க ஆளுங்க பேச்சை நான் கேக்கறதா இல்லை. நாலு சக்கரத்துல யாராவது வந்து உனக்குச் சாட்சி நிக்கட்டும்.”

கம்பம் பேசிய கடைசிப் பேச்சு அது. அது பேச்சை நிறுத்தியதும் வண்டிகளுக்கும் பேசப் பிடிக்காமல் போயிற்று. ஹாரன் மட்டும் மிஞ்சியது.

மாசிலாமணி கெஞ்சினான். “சாப்டாச்சாண்ணே?” என்று கூடக் கேட்டான். சிவப்பு அசையவில்லை. பெட்டியிலிருந்து சொட்டு விழுவது நின்று, ஒழுக ஆரம்பித்தது.

இந்தக் கூத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று கோதண்டம் காரைத் திருப்பிக்கொண்டு அவனுக்குப் பின்னால் வந்தார். வந்தவர் வெயிலுக்குப் பயந்து, தள்ளியே நிழலில் நிறுத்தினார். மாசிலாமணி திரும்பிப் பார்த்தான். கூச்சத்தை விட்டு, கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

“மாமா, கொஞ்சம் முன்னாடி வாங்க!”

“யாருடா உனக்கு மாமா?”

“கோட்டு வரைக்கும் வாங்க. நீங்க வந்தாத்தான் பச்சை விழும்!”

கார் உருண்டு வந்து கோட்டைத் தொட்டது. பச்சை விழுந்தது. இரண்டு பேரும் சந்தியைக் கடந்து ஓரமாக நின்றார்கள். கோதண்டம் பெட்டியைத் திறந்தார். தண்ணீரும் மரத்தூளும்தான் இருந்தன.

வெயிலில் வெந்திருந்த மனிதர் மரத்தூளை ஒதுக்கிவிட்டு, ஒரு கை அள்ளிக் குடித்தார். “பல்லு கூசுது” என்றார். இன்னொரு கை அள்ளினார். அடுத்த கையைத் தலையில் விட்டுக்கொண்டார்.

“ஐஸ் கொண்டுவர உனக்குத் துப்பு இல்லை. என் பொண்ணுக்கு இருக்கு. அவ பார்த்துக்குவா, போ.”

கல்யாணம் நடந்தது. செருப்பைத்தான் பிய்த்தெடுக்க முடியவில்லை; தாரோடு தாராக ஒட்டிவிட்டது. வெள்ளைக் கோட்டில் இன்றும் இரண்டு கறுப்புத் தடங்கள் உண்டு. அன்று தொட்டுத்தான், இரு சக்கர வண்டியில் தனியாக வருகிறவன் எவ்வளவு நேரம் நின்றாலும் கம்பம் கேளாதது போல நிற்கிறது. அவனும் திரும்பி, முன்பின் தெரியாத கார்க்காரரைக் கையை ஆட்டி முன்னால் அழைக்கிறான்.

கம்பம் பேசியதையோ லாரி சிரித்ததையோ தணிகாசலம் கேள்வி கேட்கவில்லை. வேறு ஏதோ ஒன்று இடறியது. எது என்றுதான் தெரியவில்லை. சென்ற கத்திரியில் ஒருநாள், சிவப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பின்னால் கார் ஏதும் வரவில்லை.

“ஏன் சார் வெயில்ல காயறீங்க? நிழலுக்கு வாங்க!” என்று அமலோற்பவம் கூப்பிட்டாள்.

அவர் போனார். கேட்காமலேயே ஓர் இளநீரைச் சீவி நீட்டினாள். அது முடிவதற்குள் இரண்டாவதில் அரிவாளை வைத்தாள். தணிகாசலம் அந்த அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“அக்கா, அன்னிக்கு மரத்தடியிலேர்ந்து அந்தப் பையனைக் கூப்பிட்டது யாரு?”